திரேசம்மாவும் நானும் ஒரே வாங்கில்

நேற்று மருமகள் ஒரு நோட்டீசைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். யேசு பிறந்த நத்தாருக்கு ஆராதனையாம், கத்தோலிக்கக் கோயிலும் எங்கள் புரொட்டஸ்தாந்து சபையும் சேர்ந்து நடத்துகின்றனவாம். மரியாள், தன்னைப் போலவே பிள்ளைத்தாய்ச்சியாயிருந்த எலிசபெத்தைச் சந்திக்கப் போன வேதப் பகுதியை எங்கள் போதகர் ஐயரும் அவர்களுடைய சுவாமியும் மாறிமாறி வாசிப்பார்களாம். "நல்ல விசயம்தானே மாமி?" என்றாள். நல்ல விசயம்தான். எனக்குத்தான் எரிச்சல் வந்தது. இவ்வளவு சுலபமான காரியத்தை முப்பது வருசத்துக்கு முன் செய்திருக்கக் கூடாதா?

ஏன் இந்தக் கிழவி நல்ல காரியத்துக்கும் முகம் சுளிக்கிறாள் என்று நினைப்பீர்கள். சொல்கிறேன், கேளுங்கள். கதை நெத்தலிக் கருவாட்டு வாசத்தில் தொடங்குகிறது.

யப்பான்காரன் மலாயாவைப் பிடித்த காலம். லீவில் வந்து கலியாணம் முடித்த என் புருசன் அங்கே வேலைக்குத் திரும்பிய கையோடு சண்டை வந்துவிட்டது. கடிதம் நின்றது. நான் கோப்பாயில் மாமியோடு இருந்தேன், வயிற்றில் நாலு மாதப் பிள்ளையோடு. கிழமைக்கொருதரம் பஸ் ஏறிப் பட்டினத்து ஆசுப்பத்திரிக்குப் போவேன். பிள்ளைத்தாய்ச்சிகள் காத்திருக்க அங்கே நீளமான மரவாங்கு ஒன்று கிடந்தது. முதல் நாள் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தவளின் சேலையில் கருவாட்டு வாசம். வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினேன். வாசலில் நின்ற குரோட்டன் செடி முழுவதையும் நாசமாக்கிவிட்டேன்.

அவள்தான் ஓடிவந்து நெற்றியைப் பிடித்தாள். போத்தல் தண்ணீரால் என் வாயைக் கழுவினாள்.

"முதல் பிள்ளையோ தங்கச்சி?"

"ஓம்."

"எனக்கு மூண்டாவது. முதல் ரெண்டும் தங்கேல்லை."

அவள் திரேசம்மா. குருநகர்க் கடற்கரையில் கருவாடு காயப்போடுகிறவள். நாற்பதை நெருங்கியிருந்தாள். புருசன் சூசை கடலுக்குப் போகிறவர். இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவள் எப்படி இப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"பயமில்லையோ அக்கா?"

"பயம் இருக்குது. அதுக்காகச் சிரியாமல் இருக்கேலுமே?"

நான் கலியாணத்துக்கு முன் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேதபாடம் படிப்பித்தவள். விசுவாசத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பக்கம் பக்கமாக எழுத்து வேலை கொடுத்தவள். அந்த நாட்களில் எனக்கோ ஒரு வரி செபம் வாயில் வரவில்லை. கண்ணை மூடினால் தபால்காரன் சைக்கிள்தான் தெரிந்தது. இதைத் திரேசம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

"உம்மடை அவருக்காக நான் மாதாவிட்டைச் சொல்லியிருக்கிறன்," என்றாள்.

"நாங்கள் மாதாவிட்டைக் கேக்கிறேல்லை அக்கா." படிப்பித்த வாய் சும்மா இருக்குமா?

"நீர் கேக்க வேண்டாம். நான் கேக்கிறன்தானே."

அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. என் கைப்பையில் கிடந்த வேதாகமத்திலிருந்து, அதே எலிசபெத்தின் கதையை வாசித்துக் காட்டினேன். மரியாளின் குரல் கேட்டு எலிசபெத்தின் வயிற்றில் பிள்ளை துள்ளிய இடம் வந்ததும் என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். "இவர் துள்ளுறேல்லை, உதைக்கிறார். தேப்பனைப் போலை," என்றாள். மரியாள் அங்கே மூன்று மாதம் தங்கினாள் என்று வாசித்தபோது வாயைப் பிளந்தாள். "மூண்டு மாசமோ! ஏசுறதுக்கு ஒரு மாமி இல்லைப் போலை." வாங்கில் இருந்த எல்லோரும் சிரித்ததில் நேர்ஸ் வந்து அதட்டினாள். அவ்வளவு காலத்துக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அஞ்சு மாதம் அப்படிப் போனது. எனக்கு மகள் பிறந்தாள். எட்டாம் நாள் சூசை குருநகரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து எங்கள் வேலிப் படலையில் நின்றார். முகமெல்லாம் வியர்வையும் சிரிப்பும்.

"பெடியன் பிறந்திருக்கிறான். ரெண்டு பேரும் சுகம். நீங்கள்தான் ஞானத்தாய் எண்டு சொல்லிப்போட்டா. முப்பத்தொண்டு நாள் துடக்குக் கழியத்தான் ஞானஸ்நானமாம்."

நான் அழுதேன். மாமி உள்ளே நின்று, "கரையாரப் பெடியனுக்கு நீ ஞானத்தாயோ?" என்றா. எங்கள் குடும்பம் வேதத்துக்கு வந்து மூன்று தலைமுறை. சாதி மட்டும் ஞானஸ்நானம் எடுக்காமல் அப்படியே இருந்தது. சண்டை பிடித்துத்தான் புறப்பட்டேன். படலை வரை வந்து மாமி சொன்னா, "போறதெண்டால் போ. அங்கை வாயிலை தண்ணிகூட வைக்காதை."

கோயில் வாசலில் சுவாமி என்னைப் பார்த்து, "நீர் எந்தச் சபை?" என்று கேட்டார். சொன்னேன்.

"பதிதர் ஞானத்தாயாக நிற்க ஏலாது," என்றார். நெறி தவறியவர்கள் என்று எங்கள் சபைக்காரருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அது.

திரேசம்மா விடவில்லை. "சுவாமி, இவ அஞ்சு மாசம் என்னோடை ஒரே வாங்கிலை இருந்தவ. என்ரை பிள்ளைக்கு முதல் முதல் வேதம் வாசிச்சவ!"

அந்தக் கடைசி வசனம் காரியத்தை இன்னும் கெடுத்தது. எங்கள் வேதாகமத்தைக் கேட்பதே அவர்களுக்கு விலக்கு. சட்டம் தான் எழுதியதில்லை என்றார் சுவாமி. எனக்குப் பதிலாகச் சூசையின் தங்கச்சி பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் வெயிலில் யன்னலோரம் நின்று கேட்டேன். பிள்ளைக்கு அருளப்பு என்று பெயர் விழுந்தது. எலிசபெத்தின் வயிற்றில் துள்ளிய யோவானுக்கு அவர்கள் வழங்கும் பெயர். அது எனக்காக வைத்த பெயர் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. சந்தோசமும் ஆத்திரமும் ஒன்றாக வந்து, சுவரில் கையால் குத்தினேன். கைதான் நொந்தது.

பிறகு அவள் வீட்டுக்குப் போனோம். எனக்கென்று ஒரு கதிரை, அதன் மேல் வெள்ளைத் துணி. சோறு, மீன்குழம்பு, சொதி எல்லாம் வாழையிலையில் போட்டு என் முன்னால் வைத்தாள். பசி எனக்கு. பால் கொடுக்கிற உடம்பு. ஆனாலும் கை நீளவில்லை. மாமிக்குப் பயந்தேன் என்று பல வருசம் எனக்கே சொல்லி வந்தேன். மாமி அங்கே இருக்கவில்லையே.

"பஸ் போயிடும் அக்கா," என்றேன்.

மதியம் தாண்டவில்லை. பின்னேரம் வரை பஸ் உண்டு. அது அவளுக்கும் தெரியும். இலையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஓம், பஸ் போயிடும்," என்றாள்.

அடுத்த கிழமை போகலாம் என்று நினைத்தேன். மகளுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. வெட்கம் காய்ச்சலைவிட நீளமாக நின்றது. சண்டை முடிந்து என் புருசன் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தபோதுதான், அந்தச் செய்தியை அவளுக்குச் சொல்லாமல் இருக்க முடியாமல் அவரையும் கூட்டிக்கொண்டு குருநகர் போனேன். வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். சூசை குடும்பத்தோடு மன்னார்ப் பக்கம் போய்விட்டாராம், எந்த ஊர் என்று எவருக்கும் தெரியவில்லை. கருவாடு கிளறிக்கொண்டிருந்த ஒரு பெண் கேட்டாள்:

"நீங்கள் ஆர் அவவுக்கு?"

நான் கருவாட்டுப் பக்கம் திரும்பினேன். "சிநேகிதி," என்றார் என் புருசன். வழி நெடுக அவரோடு நான் கதைக்கவில்லை. பாவம், நான் தொடாமல் விட்ட இலையைப் பற்றி அந்த மனுசனுக்குத் தெரியாது.

ஆசுப்பத்திரியில் அந்த மரவாங்கை எப்போதோ தூக்கிவிட்டார்கள். இப்போது தனித்தனிக் கதிரைகள், ஒருத்தி சேலை மற்றவள் சேலையில் படாது. குருநகரில் அவள் வீடிருந்த ஒழுங்கையும் மாறிப்போய்விட்டது. பல வருசம் அந்தச் சுவாமியை ஏசினேன், மாமியை ஏசினேன். இருவரும் செத்துப்போனார்கள். இனி ஏசுவதற்கு என்னைத் தவிர ஆள் மிச்சமில்லை.