திரையின் வலது மூலை

நான் ஒரு பெண்ணிடமிருந்து கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டேன். கையால் பிடுங்கவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் போட்டேன், அவ்வளவுதான். போட்டுவிட்டு, பெரிய காரியம் முடித்தவன் மாதிரி கேன்டீனுக்குப் போய் இரண்டு வடை தின்றேன். வடை ஞாபகம் இருக்கிறது. டிக் போடும்போது என்ன நினைத்தேன் என்பதுதான் ஞாபகம் இல்லை. ஒன்றுமே நினைத்திருக்க மாட்டேன்.

ஒரகடத்தில் கார்களுக்கு டேஷ்போர்டு செய்யும் கம்பெனி எங்களுடையது. அங்கே ஐ.டி. பிரிவு என்றால் நானும் ஒரு கால் ஆடும் நாற்காலியும்தான். ஆட்கள் வரிசையாக நின்று வேலை செய்யும் லைனில் ஒவ்வொரு இடத்திலும் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று ஸ்டாண்டில் நிற்கும். அதைக் கையில் எடுத்து பார்கோடில் காட்டினால், இந்த டேஷ்போர்டுக்கு இந்த வேலை முடிந்தது என்று பதிந்துகொள்ளும். எல்லோரும் அதை ஸ்கேனர் என்றே சொல்வார்கள். பழைய ஸ்கேனர்களில் பழங்காலத்து விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறத் திரை, எறும்பு மாதிரி ஐகான்கள், கீழே ஒரு பட்டை. பட்டையின் வலது மூலையில் பேட்டரி, வைஃபை, மணி. பிளாஸ்டிக் குச்சியால் குத்திக் குத்தி வேலை வாங்க வேண்டும். அதற்கு உதிரிபாகம் கிடைப்பது நின்றுபோனதும், புதிய ஸ்கேனர் வாங்க முடிவானது. அதில் எந்த ஆபரேட்டிங் சிஸ்டம், திரை எப்படி இருக்க வேண்டும் என்பதை என் தலையில் கட்டினார்கள்.

கட்டினார்கள் என்று சொல்வது பொய். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மறைமலை நகரில் என் வீட்டு லேப்டாப்பில் நான் லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை விதவிதமாக மாற்றி மாற்றிப் போடுவதைப் பார்த்து, சட்டையைக்கூட இவ்வளவு தடவை மாற்ற மாட்டீர்களே என்று என் மனைவி கேட்பாள். எழுத்து ஒரு புள்ளி தள்ளி நின்றாலும் எனக்குக் கண் உறுத்தும். அப்படிப்பட்டவனிடம் ஒரு தொழிற்சாலையின் திரை முழுவதையும் கொடுத்தால் விடுவேனா?

மூன்று மாதிரிகள் தயார் செய்தேன். முதலாவதில் லினக்ஸ். பழகியவர்களுக்காகப் பழைய திரையைப் போலவே அமைத்திருந்தேன், அதே கீழ்ப்பட்டை, அதே மூலை. இரண்டாவது, எல்லோர் போனிலும் இருக்கிற மாதிரி ஆண்ட்ராய்டு. மூன்றாவதுதான் என் செல்லப்பிள்ளை. அதுவும் ஆண்ட்ராய்டுதான், ஆனால் வெளியே தெரியாது. திரை முழுக்க எங்கள் வேலை மட்டும். கையுறை போட்ட விரலுக்கும் சிக்குகிற மூன்று பெரிய பொத்தான்கள், அழகான தமிழ் எழுத்து. வேறு எதையும் திறக்க முடியாது, எங்கும் போக முடியாது. இவற்றோடு வேலை செய்யப் போவது நீங்கள்தான், நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று லைனில் பெருந்தன்மையாக அறிவித்தேன். ஒரு வாரம் மூன்றையும் உபயோகித்துப் பார்த்துவிட்டு, பிடித்ததன் எண்ணைச் சீட்டில் எழுதி ஒரு காலி டிரேயில் போடச் சொன்னேன்.

சீட்டுகளைப் பிரித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழு சீட்டைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றாம் எண். அந்த அசிங்கம் பிடித்த சாம்பல் திரை! என் செல்லப்பிள்ளைக்கு விழுந்தது மூன்றே மூன்று. திரும்ப எண்ணினேன். பிறகு நேராக லைனுக்குப் போய் ஏன் என்று கேட்டேன். சிரித்தார்கள். பழகிவிட்டது என்றார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒரு பெண் மட்டும், "அதுலதான் எல்லாம் தெரியுது சார்" என்றாள். எல்லாம் என்றால் எது என்று கேட்டேன். அவள் பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். இருவரும் வேலையில் குனிந்துகொண்டார்கள்.

இவர்களுக்கு ரசனை கிடையாது என்று முடிவு கட்டினேன். வெட்கமாக இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும், அப்படித்தான் நினைத்தேன். பழக்கதோஷம், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவருக்கு அதில் அக்கறை இல்லை. உங்களுக்கு எது சரி என்று படுகிறதோ அதைப் போடுங்கள் என்றார். மூன்றாம் எண்ணைப் போட்டேன்.

ஆண்ட்ராய்டில் அந்தப் பட்டை திரையின் மேலே இருக்கும். என் திரையை அமைக்கும்போது, மேல்பட்டையை மறைக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அதற்குத்தான் அந்தக் கட்டம், அதற்குத்தான் அந்த டிக். மறைத்தால் பேட்டரி அளவும் போய்விடுமே என்று யோசித்து, பேட்டரிக்கு மட்டும் என் திரையிலேயே பச்சை நிறத்தில் தனி இடம் ஒதுக்கினேன். பேட்டரிக்கு இடம் ஒதுக்கத் தெரிந்தது எனக்கு. மணியும் அதோடு போகிறது என்பது உறைக்கவே இல்லை. என் கையில் வாட்ச் இருந்தது. மேஜையில் போன் இருந்தது. கம்ப்யூட்டரின் மூலையிலும் மணி ஓடிக்கொண்டிருந்தது.

லைனில் நிற்பவர்கள் கேட்டிலேயே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். வாட்ச், வளையல், மோதிரம் எதுவும் கூடாது, டேஷ்போர்டில் கீறல் விழும். சுவரில் இருக்கும் பெரிய போர்டில் இன்றைக்கு எத்தனை முடிக்க வேண்டும், எத்தனை முடிந்தது என்று சிவப்பில் எண்கள் ஓடும். மணி காட்டாது. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். பத்து வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். ஆனால் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்ததில்லை.

புதிய ஸ்கேனர்கள் வந்து ஒரு மாதம் போயிருக்கும். எல்லா ஸ்கேனர்களையும் என் இடத்திலிருந்தே பார்க்க ஒரு வசதி உண்டு. அதில் ஒரு விநோதத்தைக் கண்டேன். பதினான்காம் இடத்து ஸ்கேனர் மட்டும் தினமும் மத்தியானம் டீ இடைவேளைக்குப் பிறகு அணைந்து அணைந்து எரிந்திருந்தது. நான்கு தடவை, ஐந்து தடவை. காலையில் ஒரு தடவைகூட இல்லை. சூடேறுகிறது என்று நினைத்து வேறொன்றை மாற்றி வைத்தேன். அதுவும் மறுநாளே அப்படிச் செய்தது. அங்கிருந்து கழற்றிக்கொண்டு வந்ததோ வேறு இடத்தில் ஒழுங்காக ஓடியது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் திரையை வேண்டுமென்றே யாரோ கெடுக்கிறார்கள் என்று பட்டது. அன்றைக்கே சூப்பர்வைசருக்கும் மேனேஜருக்கும் மெயில் அனுப்பினேன். பதினான்காம் இடத்தில் வேலை செய்பவர் ஸ்கேனரைத் தாமாகவே அணைக்கிறார், கருவியில் கோளாறு இல்லை என்று எழுதி, நேரங்களையும் வரிசையாகக் கொடுத்தேன். சூப்பர்வைசர் உடனே பதில் போட்டார். அங்கே எண்ணிக்கை குறைவது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது, திங்கட்கிழமை அந்தப் பெண்ணை, வேலைக்கு அனுப்பிய கான்ட்ராக்டரிடமே திருப்பி அனுப்பிவிடலாம் என்றிருந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று டீ முடிந்ததும் போய் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். பதினான்காம் இடத்தில் நின்ற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். சுங்குவார்சத்திரம் பக்கத்துக்காரர், பகல் முழுக்க வேலை இருக்கும் ஜெனரல் ஷிஃப்ட். சத்தமில்லாமல் வேலை செய்கிறவர் என்பதால் நான் அதிகம் பேசியதில்லை. இரண்டு டேஷ்போர்டை முடித்தார். பிறகு ஸ்கேனரை எடுத்து ஓரத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தார். திரை கறுத்தது. ஒரு நிமிஷத்துக்கு மேல் காத்திருந்தார். அது மறுபடி எரியும்போது, என் திரை வந்து மூடுவதற்கு முன்னால், மூன்று நான்கு நொடி ஆண்ட்ராய்டின் சொந்தத் திரை தெரிந்தது. நடுவில் கொட்டை எழுத்தில் 3:52.

அதைப் பார்ப்பதற்காகத்தான் அணைத்திருக்கிறார்.

என்னைப் பார்த்ததும் அவர் ஸ்கேனரை ஸ்டாண்டில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மணி வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கலாமே என்றேன். கேட்டால் வூட்டுக்குப் போக அவ்ளோ அவசரமா என்பார், நாலு பேர் முன்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது என்றார். எதற்காக மணி என்றேன். குரலில் அதிகாரம் இருந்திருக்க வேண்டும். பயந்துபோய்த்தான் சொன்னார். ஆனால் முழுக்கச் சொன்னார்.

அவருக்கு இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் குழந்தை. கணவரும் வேறொரு கம்பெனியில் ஜெனரல் ஷிஃப்ட். ஸ்கூல் வேன் நாலு பத்துக்குக் குழந்தையை ஹைவேயின் எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டுப் போய்விடும். இந்தப் பக்கம் டீக்கடை. அங்கேதான் பக்கத்து வீட்டுப் பெண் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் உள்ள ரோட்டைக் குழந்தை தானே தாண்ட வேண்டும். அந்த ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே பயந்திருக்கிறேன். டீக்கடைக்காரரிடம் இவர் எங்கள் கம்பெனி கேட்டின் போன் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தார். குழந்தை வந்து சேராவிட்டால் கடைக்காரர் செக்யூரிட்டிக்குப் போன் செய்வார். செக்யூரிட்டி ஆள் லைனுக்கு வந்து சொல்வார்.

"நாலரை வரிக்கும் அந்தக் கதவாண்டருந்து யாரும் வர்லன்னா, பாப்பா தாண்டிட்டான்னு அர்த்தம் சார். அப்பறம் நான் வேலய பாப்பேன்" என்றார்.

அவரே தொடர்ந்தார். "பழைய ஸ்கேனர்ல மணி இருந்திச்சி. இருவது நிமிசம்தான் பயம். இப்ப டீக்கு அப்பறம் ஷிப்ட் முடியுற பெல்லு அடிக்கிற வரிக்கும் அவ நடு ரோட்லயே நின்னுகினு கீறா சார்."

எழுத்து ஒரு புள்ளி நகர்ந்தால் கண் உறுத்துகிறவனுக்கு இது ஒரு மாதமாக உறுத்தவில்லை. போதாக்குறைக்கு அவர் ஒவ்வொரு நாளும் பயந்த நேரங்களையெல்லாம் வரிசையாக எழுதி, குற்றப்பத்திரிகை மாதிரி மேலே அனுப்பியிருக்கிறேன். அவமானத்தில் காது சுட்டது. என் வாட்சைப் பார்த்து மூன்று ஐம்பத்தெட்டு என்று சொன்னேன். அந்த நேரத்தில் என்னிடம் கொடுப்பதற்கு அது ஒன்றுதான் இருந்தது.

இடத்துக்கு ஓடிவந்து யாரிடமும் கேட்காமல் அந்த டிக்கை எடுத்தேன். எல்லா ஸ்கேனர்களிலும் மேல்பட்டை திரும்ப வந்தது. பிறகு சூப்பர்வைசருக்கும் மேனேஜருக்கும் இன்னொரு மெயில் எழுதினேன். தவறு என் அமைப்பில்தான், அந்தப் பெண்மீது ஒன்றுமில்லை, அவரை மாற்ற வேண்டாம் என்று. திங்கட்கிழமை காலை மேனேஜர் கூப்பிட்டு, கடிகாரம் எதற்கு என்று கேட்டார். பதிவுகளைச் சரிபார்க்க நேரம் தெரிய வேண்டும் சார் என்றேன். அது பாதி உண்மை. மீதியைச் சொன்னால் அது அவர் வாயால் சூப்பர்வைசர் காதுக்குப் போகும். மேனேஜர் ஸ்கேனர் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முன்பே நன்றாக இருந்தது என்றார். ஆனால் மாற்றச் சொல்லவில்லை. பதினான்காம் இடத்தில் அன்றும் அந்தப் பெண்ணே நின்றார்.

அன்று மத்தியானம் நாலு மணிக்கு லைனுக்குப் போய், ஏதோ வயரைச் சரிபார்ப்பதுபோல் நின்றேன். நாலு பத்துக்கு அவர் ஸ்கேனரை எடுத்து முகத்தருகே கொண்டுபோனார். அதை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். எதிர்பார்க்காதது வேறு. நாலே காலுக்குள் ஆறாம் இடத்தில் ஒருவர் எடுத்துப் பார்த்தார். அதற்கு இரண்டு தள்ளி இன்னொருவர். எதிர் வரிசையில், எல்லாம் தெரியுது என்று சொன்ன அந்த ஹாஸ்டல் பெண். யாரும் அதைப் பார்கோடில் காட்டவில்லை. எல்லோரும் மூலையைத்தான் பார்த்தார்கள். இவர்கள் ஒவ்வொருவருக்கும் வெளியே எந்த நேரத்தில் எது நடந்துகொண்டிருந்ததோ, எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை. இத்தனை பேரிடமிருந்தும் அல்லவா பிடுங்கியிருக்கிறேன்.

பதினான்காம் இடத்தில் அவர் கை வேலையில் இருந்தது. கண் மட்டும் அவ்வப்போது கதவுக்குப் போய்வந்தது. நாலு இருபது. நாலு இருபத்தைந்து. செக்யூரிட்டி சீருடையில் ஒருவர் கதவைத் திறந்தார். அந்தப் பெண்ணின் கையிலிருந்த ஸ்க்ரூ கீழே விழுந்தது. வந்தவர் தீயணைக்கும் சிலிண்டரின் தேதியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

நாலரை ஆனது. வேறு யாரும் வரவில்லை. அவர் குனிந்து அந்த ஸ்க்ரூவைத் தேடி எடுத்துக்கொண்டு, அடுத்த டேஷ்போர்டை இழுத்தார்.