பாப்பம்மாள் சொன்ன அச்சா

சட்டக் கல்லூரியில் காலை வகுப்பு எடுத்து முடித்துவிட்டு வைதேஹி கோர்ட்டுக்கு ஓடி வருவதற்குள் வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். அறைக்குள் கதவு வரை கூட்டம். கறுப்புக் கோட்டுகளை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னே போனவர் காதில் ஒரே ஒரு சொல் விழுந்தது.

“அச்சா.”

சொன்னவள் பாப்பம்மாள். தில்லி மோதி பாக் அரசாங்க குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்பவள். அவள் குடியிருக்கும் ஒற்றை அறையைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரன் போட்ட வழக்கு அது. தானாகவே காலி செய்யச் சம்மதமா என்று நீதிபதி கேட்டிருக்கிறார். அச்சா என்றால் இந்தியில் ‘சரி’. உருது கலந்த கோர்ட் இந்தி. அவளுக்குத் தெரிந்ததோ காய்கறிக் கடை இந்தி.

“பிரதிவாதி காலி செய்ய ஒப்புக்கொள்கிறார்” என்று நீதிபதி சொல்லச் சொல்ல டைப்ரைட்டர் தடதடத்தது. கையெழுத்து விழுந்துவிட்டால் பாப்பம்மாளும் அவள் பெண்கள் இருவரும் தெருவில்தான்.

“சார், அது சம்மதம் இல்லை!” என்றார் வைதேஹி.

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். “அச்சாவுக்கு மேடம் புது அகராதி போடறாங்களா?”

வைதேஹி எட்டு வருடங்களாகச் சனிக்கிழமைகளில் கல்லூரி கேன்டீனுக்குப் பக்கத்து அறையில் மாணவர்களோடு இலவச சட்ட உதவி மையம் நடத்துகிறார். ஆர்.கே.புரம், லோதி ரோடு என்று எங்கிருந்தெல்லாமோ தமிழ் ஜனங்கள் வருவார்கள். பாப்பம்மாளும் அப்படி வந்தவள்தான். ‘ஜட்ஜ் பேசினா எதிர்த்துப் பேசாதே, மரியாதையாக் கேட்டுக்கோ’ என்று போன வாரம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் வைதேஹியேதான்.

“சார், தில்லித் தமிழ்க்காரங்க புரியாத இடத்திலெல்லாம் அச்சா போடுவாங்க. காதில விழுந்ததுன்னுதான் அர்த்தம். வேற எதையாவது கேட்டுப் பாருங்க.”

சொன்ன பிறகுதான் யோசித்தார். கேட்பது ஒருவேளை அவளுக்குப் புரிந்துவிட்டால்?

நீதிபதி முகம் மாறாமல், அதே கோர்ட் இந்தியில், “உன்னை ஆறு மாதம் காவலில் வைக்க உத்தரவு போடட்டுமா?” என்றார்.

பாப்பம்மாள் நீதிபதியைப் பார்த்தாள். வைதேஹியைப் பார்த்தாள். வைதேஹி கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். ஒரு இமை அசைந்தாலும் சைகை காட்டியதாகிவிடும். பாப்பம்மாள் முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“அச்சா ஜி. பஹுத் அச்சா.”

‘ரொம்ப நல்லது’ என்ற அந்தப் பதிலுக்கு அறையே சிரித்தது. எதிர்த்தரப்பு வக்கீல் மட்டும் கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நீதிபதி டைப்பிஸ்ட்டைப் பார்த்து, “அந்த வரியை நீக்கிவிடு” என்றார். அடுத்த முறை தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வைத்துத்தான் விசாரணை என்றும் சொன்னார்.

வராந்தாவுக்கு வந்ததும் பாப்பம்மாள் முகம் வெளிறியிருந்தது. “ஏம்மா எல்லாரும் சிரிச்சாங்க? நீங்கதான மரியாதையா இருக்கச் சொன்னீங்க?”

“சொன்னேன். புரியலைன்னா புரியலைன்னு சொல்லணும்னு சொல்லாம விட்டது என் தப்பு. வழக்கு இன்னும் முடியலை, பாப்பம்மா. அந்த ரூம் உன் கையில இருக்கணும்னா, சனிக்கிழமை காலேஜுக்கு வா. என் ஸ்டூடண்ட்ஸ் ஜட்ஜ் மாதிரி கேட்பாங்க. பதில் சொல்லிப் பழகிக்கோ.”

“அச்சா.”

வைதேஹி நடந்தவர் நின்றார்.

“புரிஞ்சுதும்மா!” என்றாள் பாப்பம்மாள் அவசரமாக. “வரேன், வரேன்!”