நாலு ஆடுதனும் மைனியும்

விடுமுறைக்கு நான் ஊருக்கு வந்த வாரம் பூதப்பாண்டியில் மழை விடவே இல்லை. வயலுக்குப் போக வழியில்லாமல் கிடந்த அண்ணன், "ஏட்டி, குவைத்துல நர்சுமாரெல்லாம் சேர்ந்து என்னவோ சீட்டு வெளையாடுவோம்னியே, அதச் சொல்லித் தா" என்றான். அண்ணன், அவன் மனைவியான மைனி, நான் மூன்று பேரும் உட்கார்ந்தோம். காசு வைத்து ஆடக்கூடாது என்று மைனி சொல்லிவிட்டதால் அதற்குப் பதில் ஆளுக்கு ஒரு சிரட்டை கொல்லாங்கொட்டை, முந்திரிதான்.

போக்கர்தான். கையில் இரண்டு சீட்டு. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் கொட்டை வைக்கலாம். அளவே கிடையாது, முழுச் சிரட்டையையும் ஒரேயடியாகத் தள்ளலாம். ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்தால் ஃபிளஷ். எனக்கு உயிரே அதில்தான். நாலு சேர்ந்து ஐந்தாவதுக்குக் காத்திருக்கும்போது உள்ளங்கை வேர்த்துவிடும்.

குவைத் விடுதியில் நாலு சேர்ந்ததுமே பெரிதாக வைத்துவிடுவேன். மற்றவர்கள் பயந்து சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவார்கள். மைனியிடமும் அதையே செய்தேன். நாலு இஸ்பேடு, ஒரு கை நிறைய அள்ளி வைத்தேன். அண்ணன் கவிழ்த்தான். மைனி அதே அளவு எண்ணி வைத்தாள்.

"நானும் இருக்கேன்."

அடுத்த சீட்டுக்கும் வைத்தேன். அதற்கும் இருந்தாள். ஐந்தாவது இஸ்பேடு வரவில்லை. வெறும் இரண்டு ஆறாம் நம்பர் சீட்டை வைத்து ஜெயித்துவிட்டாள். இப்படியே மூன்று ஆட்டம். என் சிரட்டை காலி.

"பயமே இல்லியா மைனி?"

"என்னத்துக்குப் பயம்? நீ என்ன வச்சிருக்கேன்னு பாக்காண்டாமா?"

நான் வைத்ததற்கு மேல் அவள் கூட்டவும் மாட்டாள், ஆட்டத்தை விடவும் மாட்டாள். சாயங்காலம் அறைக்குள் கொடி கட்டித் துணி காயப்போடும்போதுதான் எனக்கு உறைத்தது. மைனியை மிரட்ட முடியாது. ஆனால் அவளிடம் கொஞ்சமாக வைத்துக் காத்திருக்கலாம். சீட்டு வந்தபின் எவ்வளவு கேட்டாலும் தருவாள்.

மறுநாள் திரும்பவும் ஆளுக்கு ஒரு சிரட்டை. எனக்குச் சிவப்பு இதயம் போட்ட ஆடுதனில் ஏஸும் ஒன்பதும். நடுவிலும் இரண்டு ஆடுதன். நான் ஒன்றும் வைக்கவில்லை. அடுத்த சீட்டு கிளாவர். அண்ணன் இரண்டு கொட்டை வைத்தான், நாங்களும் வைத்தோம். கடைசியாக விழுந்தது ஆடுதன் ராணி. முழுச் சிரட்டையையும் நடுவில் கவிழ்த்தேன். அண்ணன் சீட்டை எறிந்தான். மைனி என் முகத்தையும் தன் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நானும் இருக்கேன்."

திருப்பினேன். மைனியிடம் ராஜா ஜோடி. என்னைவிட அவள்தான் அதிகம் சிரித்தாள். "நல்லாத்தான் ஒளிச்சு வச்சிருந்த மக்கா."

அண்ணனிடம் ஒரு கை கடன் வாங்கி மறுபடியும் உட்கார்ந்தாள். நடுவில் மூன்று சீட்டு விழுந்ததும் எனக்கு நாலு இஸ்பேடு. இரண்டு கொட்டை வைத்தேன். மைனி தன்னிடமிருந்த எல்லாவற்றையும் முன்னால் தள்ளினாள்.

"கூட்டுகேன்."

இரண்டு நாளில் அவள் வாயில் அந்தச் சொல் வந்ததே இல்லை. அண்ணன் என்னைப் பார்த்தான். நாலு இஸ்பேடைக் கவிழ்ப்பதுபோல் கஷ்டம் வேறில்லை. கவிழ்த்தேன். மைனிக்கு அடக்க முடியவில்லை, தானே திருப்பிக் காட்டினாள். நடுச் சீட்டோடு சேர்த்து மூன்று ராணி, இரண்டு பத்து. அது ஃபிளஷுக்கும் மேல். ஐந்தாவது இஸ்பேடு வந்திருந்தாலும் நான் தோற்றிருப்பேன்.

நான் ஜெயித்தபோதுகூட என் மனசு அப்படித் துள்ளவில்லை. கை தட்டினேன். அண்ணன் காப்பி கேட்டான்.

"இருங்க, ஒரு ஆட்டம் போகட்டும்" என்று மைனி சீட்டைக் கலைக்க ஆரம்பித்தாள்.