ஆர்லிஸ் தராசில் ஏறிய நாள்

வில்லோ கிரீக் ஊரில் ஒரு ஆளை அடையாளம் காண முகம் தேவையில்லை, வண்டி போதும். எதிரே வரும் பிக்கப்பைப் பார்த்ததுமே ஸ்டீயரிங்கில் இருக்கும் கையிலிருந்து இரண்டு விரல்கள் வணக்கமாகத் தானாக எழும்பும். ஆர்லிஸ் பெக்வித்தின் பச்சை பிக்கப் வந்தால் மட்டும் சிலர் முழுக் கையையும் தூக்குவார்கள். பிக்ஹார்ன் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாட்டு டாக்டரிடம் அக்கம்பக்கத்துக் குதிரைகளை ஏற்றிக்கொண்டு போய் வருகிறவள் அவள்தான். பனியானாலும் காற்றானாலும் கூப்பிட்டால் வருவாள். ஏறமாட்டேன் என்று அடம்பிடிக்கும் குதிரையின் கழுத்தில் கை வைத்து ஏதோ முணுமுணுப்பாள், அது பின்னாலேயே வந்து, பிக்கப்புக்குப் பின்னால் மாட்டிய டிரெய்லரில் ஏறிவிடும். இத்தனை வருஷத்தில் அவள் கையில் ஒரு குதிரைக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, இருக்க வேண்டியதுதான்.

அந்தப் பச்சை வண்டியை அவள் தன் சம்பாத்தியத்தில் வாங்கினாள். அரை டன் வண்டி என்று சொல்வார்கள், அதாவது இருப்பதிலேயே சின்னது. கணவன் டோய்ல் பள்ளி பஸ் ஓட்டுகிறவன். அவன்கூட அதில் ஏறும்போது காலைத் தட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

ஊரில் இதைச் சீண்டிப் பேச ஒரு ஆள் இருந்தான். மெர்ல் ஸ்டோடார்ட். அவனிடம் இருப்பதிலேயே பெரிய ஒரு டன் டீசல் வண்டி, பின்னால் ரெட்டைச் சக்கரம், அதற்கு ஏற்ற வாய். மாடுகளைத் தானே ஏற்றிப் போவான். ஆனால் தன் நான்கு குதிரைகளை மட்டும் ஆர்லிஸைத் தவிர யாரிடமும் விடமாட்டான். அதை ஒப்புக்கொள்ளவும் மாட்டான்.

தீவனக் கடையை ஒட்டிய சாப்பாட்டு மேசையில், மிளகாய்க் கறியில் இலவங்கப்பட்டை ரொட்டியைத் தொட்டுத் தின்றுகொண்டே அவன் தொடங்குவான்.

"ஏன் அம்மணி, அந்தப் பொம்மை வண்டிக்கு இன்னும் சாவி குடுத்துதான் ஓட்டுறியா?"

"உன் குதிரைங்க அதுலதான் தூங்கிக்கிட்டே வருது மெர்ல். உன் வண்டியில ஏறச்சொன்னா கட்டுத்தறியப் பிடுங்கிட்டு ஓடுது."

"ஒரு நாள் மலையில நிக்கப்போற, பாரு."

"என்னைக்காவது ஏறாம நின்னுச்சா? சொல்லு. இந்த வண்டிய நான் மாத்துனா என் பேர மாத்திக் கூப்பிடு!"

மேசையே சிரித்தது. சிரித்தவர்களில் அத்தனை பேரும் சாட்சி.

அங்கேதான் அந்த ஊர்க்காரர்களின் தப்பு இருந்தது. வண்டி ஏறுகிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். மலையேறிவிட்டால் வண்டி இழுக்கும் என்று முடிவு. இறங்கும்போது என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை. மாட்டுச் சந்தையில் பெரிய மேடைத் தராசு இருக்கிறது. மாடு, கோதுமை, வைக்கோல் எல்லாம் அதில் ஏறும். தன் சொந்த டிரெய்லரை யாரும் ஏற்றிப் பார்க்க மாட்டார்கள். ஏற்றினால் தன் வண்டி மேல் தனக்கே சந்தேகம் என்று அர்த்தம். அந்த வெட்கக்கேட்டுக்குப் பள்ளத்தில் விழுவதே மேல் என்று நினைக்கிற ஜனம்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆர்லிஸ், மெர்லுடைய நான்கு குதிரைகளோடு டாக்டரிடமிருந்து மலைக் கணவாயைத் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தாள். உச்சியைக் கடந்து சரிவில் இறங்கியதும் பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போல் இருந்தது. தள்ளியது டிரெய்லர். கியரைக் குறைத்தாள். இன்ஜின் அலறியது, வேகம் அடங்கவில்லை. மிதித்த பிரேக் மெத்தென்று உள்ளே போனது. கண்ணாடியில் சக்கரத்திலிருந்து புகை. அடுத்த வளைவுக்கு முன்னால் மலையோரமாகச் சரளைக்கல் கொட்டிய ஒதுக்கிடம் ஒன்று உண்டு. அதில் வண்டியை அழுத்திச் செருகினாள். கல் தெறித்தது, வண்டி நின்றது. எதிர்ப்பக்கம் தடுப்புக் கம்பிக்கு அப்பால் வெறும் ஆகாயம்.

இறங்கி டிரெய்லர் கதவைத் திறந்தாள். நான்கு குதிரைகளும் வியர்த்து நின்றன. செவலைப் பெட்டையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பயத்தில் அழுதாள், வெட்கத்திலும் அழுதாள். யாரும் பார்க்கவில்லை. சக்கரம் ஆறியதும் மனிதன் நடக்கிற வேகத்தில் ஊர் வந்து சேர்ந்து, மெர்லிடம் ஒன்றும் சொல்லாமல் குதிரைகளை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டு வாசலில் டோய்ல் சக்கரத்தருகே குனிந்து மூக்கைச் சுளித்தான்.

"என்னத்த வறுத்துட்டு வந்திருக்க?"

"ஒண்ணுமில்ல."

"நாப்பது பிள்ளைங்கள வச்சு பஸ் ஓட்டுறவன் நான். எரிஞ்ச பிரேக் வாசனை எனக்குத் தெரியாதா?"

சொன்னாள். டோய்ல் திட்டவில்லை. பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்தான்.

"பெரிய வண்டி வாங்கிடலாம்மா. இறங்கும்போது இன்ஜினே பிடிச்சு நிறுத்துற மாதிரி."

"ஊரே சிரிக்கும், டோய்ல். மெர்ல் என் பேரை வச்சுக் கூத்தடிப்பான்."

"பேசாம பிரேக்க மாத்திட்டு ரெண்டு ரெண்டு குதிரையா ஏத்தேன். யாருக்கும் தெரியாது."

ஆர்லிஸுக்கு அது இன்னும் கசந்தது. யாருக்கும் தெரியாது என்பதுதான் அவளைக் குடைந்தது. பெற்ற பிள்ளை மாதிரி பார்க்கிற குதிரைகளை நம்பி அவளிடம் ஒப்படைத்தவன் மெர்ல். அவனுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டு அவள் எந்த முகத்தோடு அடுத்த தடவை அந்தக் குதிரைகளின் கயிற்றைப் பிடிப்பாள்?

வியாழக்கிழமை, சந்தை நாள். காலையில் மெர்லின் பண்ணைக்குப் போனாள்.

"உன் நாலு குதிரையும் வேணும். தராசுல ஏத்தணும்."

"குதிரைய எதுக்கு நிறுக்கிற? நான் விக்கலையே!"

"குதிரையைச் சொல்லல. என் டிரெய்லர நிறுக்கப்போறேன்." பிறகு கணவாயில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மெர்ல் செவலைப் பெட்டையிடம் போய் அதன் நான்கு கால்களையும் தடவிப் பார்த்தான். பிறகு தானே கயிறு பிடித்து ஏற்றிவிட்டான்.

மாட்டு வண்டிகளின் வரிசையில் பச்சை பிக்கப் நிற்பதைப் பார்த்து வேலியோரத்தில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். தராசுக் கூண்டில் நெடீன். எது ஏறினாலும் எடையை ஒலிபெருக்கியில் கத்துவது அவள் வழக்கம். ஆர்லிஸைப் பார்த்ததும் மைக்கை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"கத்தவா வேணாமா ஆர்லிஸ்?"

"கத்து. அதுக்குத்தானே வந்தேன்."

நெடீன் கத்தினாள். அந்தப் பச்சை வண்டி இழுக்கலாம் என்று அதன் கதவோரத் தாளில் அச்சடித்திருந்ததைவிட ஆயிரத்தைந்நூறு பவுண்டு கூடுதல். ஆர்லிஸ் ஜன்னலைக் கீழே இறக்கினாள்.

"கேட்டுச்சா எல்லாருக்கும்? ரொம்ப நாளா இதத்தான் மலையில இறக்கிட்டு இருந்தேன். இனிமே இறக்கமாட்டேன். பெரிய வண்டி வாங்கப்போறேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கங்க."

யாரோ ஒருவன் சிரிக்கத் தொடங்கி, பக்கத்தில் யாரும் சிரிக்காததால் இருமலாக மாற்றிக்கொண்டான்.

அப்போது மெர்லின் டீசல் வண்டி உறுமிக்கொண்டு, மாடுகள் நெருக்கியடித்த நீள டிரெய்லரோடு தராசில் ஏறியது. இதோ என் வண்டியைப் பார் என்கிற மிடுக்கு அவன் தோளில். நெடீன் முள்ளைப் பார்த்தாள், மெர்லைப் பார்த்தாள், மறுபடி முள்ளைப் பார்த்தாள்.

"மெர்ல், உனக்கும் கூடுதல்தான். அவளுக்கு இருந்ததவிட ரெட்டிப்பு."

இப்போது சந்தை வெடித்துச் சிரித்தது. பெரிய வண்டி வாங்கினவன் அதற்குமேல் பெரிய டிரெய்லரும் வாங்கி, அதிலும் இரண்டு மாட்டைக் கூடுதலாகத் திணித்திருந்தான். அன்று மாலைவரை தராசுக்கு வேலை ஓயவில்லை. நேற்றுவரை அந்தப் பக்கமே திரும்பாதவர்கள் டிரெய்லரை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஆர்லிஸ் பச்சை வண்டியைக் கொடுத்துவிட்டு வெள்ளை நிறத்தில் ஒரு டன் வண்டி எடுத்தாள். டிரெய்லரை மட்டும் மாற்றவில்லை. முதல் நாள் சாலையில் யாரும் விரலைத் தூக்கவில்லை, வெளியூர் வண்டி என்று நினைத்துக்கொண்டார்கள். அவளுக்கு நெஞ்சில் ஒரு வெறுமை தட்டியது, உண்மைதான்.

மெர்லின் பண்ணை வாசலில் நிறுத்தினாள். அவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"மாத்திட்ட. பேர மாத்திக் கூப்பிடலாம்னு சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. தாராளமா கூப்பிடு."

"யோசிச்சு வைக்கணும்." நான்கு குதிரைகளையும் ஏற்றினான். பிறகு புதிதாக வாங்கிய கறுப்புக் குட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தான். "நடுவுல கொஞ்சம் இடம் இருக்கு. இதையும் தள்ளிடுவோமே."

"நாலுதான் மெர்ல்."

"இப்பதான் பெரிய வண்டி வந்துடுச்சே!"

"வண்டி பெருசு. நாலுதான்."

மெர்ல் குட்டியைக் கொண்டுபோய் வேலியில் கட்டினான். பின் டிரெய்லர் கதவைத் தானே சாத்தி, கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். ஜன்னலருகே வந்து, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினான். தேவாலயத்தில்கூட அதைக் கடைசியாகத்தான் கழற்றுகிறவன் அவன்.

"மலையில பார்த்து இறங்கு, ஆர்லிஸ்" என்றான்.