காப்புக் கட்டிய கையில் கெளுத்தி

சித்திரை பாதி கழிந்ததும் மலாக்காப் பக்கத்துத் தண்ணீருக்கெல்லாம் குணம் மாறிவிடும். தை, மாசியில் மழை இருக்காது. பால்மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். ஓடை அங்கங்கே குட்டையாகத் தேங்கி, விழுந்த இலையெல்லாம் அதில் ஊறி, பால் கலக்காத வறக்காப்பி நிறத்தில் கிடக்கும். மீன் சேற்றுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். தூண்டில் போட்டால் எலும்பும் தோலுமாக ஒரு குஞ்சு வரும். அதைப் பார்க்கவே பாவமாக இருக்கும். பிறகு மரங்கள் துளிர்த்து முடிகிற நேரத்தில் மத்தியானங்களில் இடி இடிக்கத் தொடங்கும்.

முதல் மழையை நம்பி ஓடைக்குப் போகிறவன் மடையன். அது தரையின் தாகத்துக்கே போதாது. இரண்டாவது, மூன்றாவது மழையில்தான் தண்ணீர் பால் டீ நிறத்துக்கு வந்து, கரையை மீறி லாலான் புல்லுக்குள் பரவி, கீழே மலாய்க்காரர்கள் குடியிருக்கிற கம்பத்து வயல் வரைக்கும் போகும். அப்போது விராலும் கெளுத்தியும் பனையேறியும் வயிறு நிறைய முட்டையோடு தண்ணீரை எதிர்த்து ஏறி வரும். அந்த நேரத்து மீன் இரையைத் திரும்பிப் பார்க்காது. தூண்டில் சும்மா, பறிதான் வேண்டும். மூங்கிலில் பின்னிய அந்தக் கூடையை மலாய்க்காரர்கள் பூபு என்பார்கள். ஓடை குறுகுகிற இடத்தில் வாய் கீழ்ப்பக்கம் பார்க்க வைத்துவிட்டால் மீன் தானாக வந்து நுழையும். எல்லாம் மூன்று நாள், மிஞ்சினால் நான்கு. அதற்கு மேல் மழை வலுத்தால் மண் கரைந்து வந்து பறியை அடைத்துவிடும்.

கடலும் அந்த மாதத்தில் இப்படித்தான் இரண்டு மனதாக இருக்கும். வடக்குக் காற்று அடங்கி, தெற்குக் காற்று இன்னும் பலக்காத இடைவெளி அது. மஸ்ஜித் தானா தாண்டிக் கரைக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். காலையில் அலையே இல்லாமல் கிடக்கும். பொடி இறாலை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலையால் தள்ளிக்கொண்டு போவார்கள். ஆனால் விடியுமுன் சுமத்ரா பக்கமிருந்து காற்று சுழற்றி அடித்துவிட்டால் அன்று முழுவதும் கலங்கல்தான். மீன்காரச் சீனன் அரைக் கூடையோடு சைக்கிளை மிதித்து வருவான்.

இவ்வளவும் தெரிந்த எனக்கு ஒன்று மட்டும் தெரியவில்லை. வாயைக் கட்டத் தெரியவில்லை.

பெம்பான் பக்கத்தில் எங்கள் தோட்டம். முப்பதுகளின் நடுப்பகுதி, ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பி, மறுபடியும் கொஞ்சம் மூச்சு வந்திருந்த காலம். எனக்கு இருபத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. அம்மாவும் நானும் பால்வெட்டுக்குப் போனோம். தோட்டத்து மாரியம்மனுக்குச் சித்திரைக் கடைசியில் திருவிழா. மீன் ஏறுகிற அதே நாட்களில்தான் கொடியும் ஏறும். காப்புக் கட்டிவிட்டால் பத்து நாள் லயத்தில் ஒரு வீட்டிலும் கவிச்சி கிடையாது. மீன்காரன் தோட்டத்து முகப்பிலேயே சைக்கிளை நிறுத்தி, "செம்பாயாங் கா?" என்று, சாமி கும்பிடுகிறீர்களா என்பதை மலாயில் கேட்டுவிட்டுத் திரும்பிப் போவான். பூக்குழி இறங்குகிறவர்களுக்கு இன்னும் கெடுபிடி. கையில் மஞ்சள் காப்பு, ஒருவேளைச் சோறு, தரையில் படுக்கை, தோட்டத்து எல்லை தாண்டக் கூடாது, பொண்டாட்டி பக்கம் போகக் கூடாது.

அந்த வருடம் பதினோரு பேர் காப்புக் கட்டினோம். எனக்கு வேண்டுதல் என்று ஒன்றும் கிடையாது. போன வருடம் இறங்கியபோது பெண்கள் என் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள், அந்த ருசிதான். பக்கத்து வீட்டுக்காரன் அப்படி இல்லை. அவனும் நானும் ஒரே நிரையில் பால் வெட்டினோம், ஒரே பறியில் மீன் பிடித்தோம், உறவு ஒன்றும் இல்லாமலே மச்சான் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டோம். அவன் மனைவிக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து பிறந்து போயின. மூன்றாவது ஆறு மாதமாக வயிற்றில் இருந்தது. இது தங்க வேண்டும் என்றுதான் அவன் முதல் தடவையாகக் காப்புக் கட்டினான். அதற்கு முந்தைய வாரமே பறியைக் கொண்டுவந்து என் வீட்டில் போட்டுவிட்டுப் போனான்.

"கண்ணுல பட்டா கை அரிக்கும் மச்சான். நீயே வச்சிக்க லா," என்றான்.

காப்புக் கட்டிய ஏழாம் நாள். அதற்கு முந்தைய இரண்டு மத்தியானமும் நல்ல மழை. அன்று விடியலிலும் தூறல் விடாததால் மரம் நனைந்து, வெட்டு இல்லை என்று மேற்பார்வை பார்க்கிற மண்டோர் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டில் படுத்துக் கிடந்தேன். ஓடை இரைகிற சத்தம் லயம் வரைக்கும் கேட்டது. தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவோம், பார்ப்பதில் என்ன குற்றம் என்று கிளம்பினேன். பறியைச் சாக்கில் சுருட்டிக்கொண்டேன். அடுப்படியில் இருந்து ஒரு கை உப்பையும் எடுத்துத் துண்டு முனையில் முடிந்துகொண்டேன். தண்ணீர் பார்க்கப் போகிறவனுக்கு உப்பு எதற்கு என்று இத்தனை வருடத்தில் நான் என்னைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

பசி என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அம்மா விரதச் சோற்றை வயிறு முட்டப் போட்டிருந்தாள். ஆசை, வெறும் நாக்கு ஆசை.

எல்லைக்கு அந்தப் பக்கம், சாய்ந்த மரத்தின் அடியில் ஓடை குறுகுகிற இடத்தில் பறியை வைத்தேன். தண்ணீர் அன்று இருந்த பதம் பிறகு நான் பார்த்ததே இல்லை. கலங்கலும் இல்லை, தெளிவும் இல்லை, முழங்கால் ஆழம், காலில் மீன் இடித்துக்கொண்டு போனது. அரை மணி நேரத்தில் பறியைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. இரண்டு விரால், கெளுத்தி எட்டோ ஒன்பதோ. விராலை விட்டுவிட்டேன். அதை ஏதோ புண்ணியம் போல அப்போது நினைத்துக்கொண்டேன். நான்கு கெளுத்தியைக் குடல் எடுத்து, உப்புத் தடவி, வாழையிலையில் சுற்றி, மரத்தடியில் நனையாமல் கிடந்த சுள்ளியைப் பற்றவைத்துச் சுட்டேன். முட்டை பொரபொரவென்று வாயில் உடைந்தது. நான்கையும் தின்றேன். மஞ்சள் காப்பில் மீன் வழுவழுப்பு ஒட்டியிருந்தது. மண்ணைப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். காப்புக் கயிறு வெளுத்துப் போனது. வீட்டுக்கு வந்து அம்மாவுக்குத் தெரியாமல் புதுமஞ்சளை உரசிப் பூசிக்கொண்டேன்.

பிறகு மூன்று நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பாவம் செய்தோமே என்று வருந்தவில்லை. கால் வெந்துவிடுமோ, ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான். விலகிக்கொள்ளவும் முடியாது, ஏன் என்று கேட்பார்கள்.

பூக்குழி அன்று சாயங்காலம் வெயில் இருந்தது. பூசாரி கரகத்தோடு முதலில் இறங்கினார். நான் ஐந்தாவது ஆள். ஆத்தா என்று கத்தினேனே தவிர மனதில் இருந்ததெல்லாம் கெளுத்தி நினைப்புதான். பயத்தில் ஒரே ஓட்டம். நான்கு எட்டோ ஐந்து எட்டோ, நெருப்பின் முடிவில் கால் நனைக்கப் பால் ஊற்றி வைத்திருந்த பால்குழியில் போய் விழுந்தேன். உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கொப்புளம் கூட இல்லை.

எனக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரன் வந்தான். அவன் ஓடவில்லை, நடந்தான். கைகளைத் தலைக்கு மேல் கூப்பி, கண்களை மூடி, கோயிலைச் சுற்றி வருவது போல ஒவ்வொரு அடியாக வைத்தான். நடுக்குழியில் நின்று மனைவியின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டான். பூசாரி, "வாடா, வாடா" என்று கத்தினார். அவன் பால்குழிக்கு வந்து சேர்ந்தபோது முகம் கோணியிருந்தது. பாலில் காலை வைத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அவன் நடந்தான், நான் ஓடினேன். நடந்தது அவ்வளவுதான் என்பது இன்றைய என் புத்திக்குத் தெரிகிறது. அன்றைக்கு அங்கே நின்ற முந்நூறு பேருக்கும் வேறொன்று தெரிந்தது.

"சுத்தம் தப்பிருச்சு," என்றார் பூசாரி. அவர் மெதுவாகத்தான் சொன்னார். அது லயத்துக்கு எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.

அவனைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டிரஸ்ஸர் மருந்து வைத்துக் கட்டினார். எங்கள் வீட்டில் அம்மா எனக்கு மிளகாய் சுற்றிப் போட்டாள்.

"பொண்டாட்டி வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு பத்து நாளு வாயக் கட்ட முடியலியா அவனுக்கு? ஓடயில மீனு ஏறுச்சுல்ல, அங்கதான் போயிருப்பான். எம்புள்ளயப் பாரு, காலு பூ மாதிரி இருக்கு," என்று அம்மா பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படியே சொன்னாள். நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர். நான் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாவை அதட்டக்கூட இல்லை.

மூன்றாம் நாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவனைப் பார்க்கப் போனேன். போகும் வழியெல்லாம் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். கட்டுப் போட்ட இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டு பாயில் கிடந்தான். அவன் மனைவி மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று பொழுதுக்கும் அவள் சாப்பிடவில்லை என்றான்.

"மச்சான், ஒரு உண்ம சொல்லு. உனக்கு கொஞ்சங்கூடவா சுடல?"

"சுடல," என்றேன்.

"அப்ப எங்கிட்டதான் கோளாறு," என்றான்.

அவன் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மீன் தின்றவன் நான். தின்றும் எனக்குச் சுடவில்லை. ஆகவே சுட்டதற்கும் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை. இந்த மூன்று வார்த்தையைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் எழுந்து ஒரு வாய்ச் சோறு தின்றிருப்பாள். சொல்லவில்லை. அந்த மூன்று நாளில், விடியலில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனால் கங்காணி எனக்கு வழி விட்டார். பெரியவர்கள் என்னைச் சாமி என்று கூப்பிட்டார்கள். அடுத்த வருடக் கரகம் எனக்குத்தான் என்று பேச்சு அடிபட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பவே பிடித்திருந்தது.

"வாழப்பழம் சாப்புடு மச்சான்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் அவளுக்கு வளைகாப்பு வைத்தார்கள். லயத்துப் பெண்கள் யாரும் போகவில்லை. ஆத்தா தள்ளிவிட்ட வயிற்றுக்கு வளையல் போட்டு நாம் ஏன் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆளுக்கு ஒரு சாக்குச் சொன்னார்கள். அம்மாவுக்கும் அன்று தலைவலி வந்தது. அவனே தன் கையால் அவளுக்கு வளையல் அடுக்கினான் என்று பிறகு கேள்விப்பட்டேன். கால் ஆறியதும், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், பிள்ளை பிறக்கும் முன்பே இருவரும் தோட்டத்தை விட்டுப் போய்விட்டார்கள். பறி என் வீட்டிலேயே கிடந்தது. கேட்டு வரவில்லை.

கரகம் எனக்குத்தான் வந்தது. மூன்று வருடம் தூக்கினேன்.

நான்கைந்து வருடம் கழித்து வேறு வேலையாகப் புலாவ் செபாங்குக்குப் போயிருந்தேன். அதுவும் ஒரு சித்திரை, மழை விட்டிருந்தது. ரயிலடிக்குப் பக்கத்துப் பசாரில் மீன் விற்கிற இடத்தை ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு ஒருவன் போவதைப் பார்த்தேன். நடையில் லேசான சாய்வு. கையில் ஒரு பெண் குழந்தை. அவன்தான்.

என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டான். கோபம் ஒரு பொட்டும் இல்லை. காப்பிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். பக்கத்துத் தோட்டத்தில் வேலையாம். குழந்தை நன்றாகக் கொழுகொழுவென்று இருந்தாள். அது ஒன்றுதான் எனக்கு மூச்சு விட இடம் கொடுத்தது. ஆத்தா பிள்ளையைக் கொடுத்துவிட்டாள் பார், அப்புறம் என்ன என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். ஓடையில் மீன் ஏறுகிறதா, பிடிக்கிறாயா என்றும் கேட்டுவைத்தேன்.

"நான் இப்ப மீன் தொடறதில்ல மச்சான். வீட்லயும் வாங்கறதில்ல. இவளுக்கு மீன் ருசியே தெரியாது," என்றான்.

"ஏன்?"

அவன் காப்பியைத் தட்டில் ஊற்றி ஆற்றினான்.

"உங்கிட்ட சொல்றதுக்கு என்ன. காப்புக் கட்டியிருந்தப்ப ஒருநாளு பலகப் பாலத்து வழியா வந்தேன். கெளுத்தி ஏறிக்கிட்டு இருந்துச்சு. நின்னு பாத்துட்டேன் மச்சான். வாயில எச்சி ஊறிருச்சு. கைய வைக்கல, ஆத்தா மேல சத்தியமா கைய வைக்கல. ஆனா மனசால தின்னுட்டேன்ல. அவளுக்குத் தெரியாதா? அதான் சுட்டுட்டா. நல்ல வேள, காலோட விட்டா. புள்ளைய எடுத்துக்கல."

சொல்வதற்கு எனக்கு இன்னொரு முறை கிடைத்தது. சுற்றிலும் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. கங்காணி இல்லை, பூசாரி இல்லை, அம்மா கூட அப்போது உயிரோடு இல்லை. நான் காப்பியைக் குடித்தேன்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். அவன் குழந்தையைக் கீழே இறக்கி என் முன்னால் நிறுத்தினான்.

"மாமா காலத் தொட்டுக் கும்புட்டுக்க தாயி. சுத்தமா இருந்தவரு. நெருப்பு கூட இவரத் தொடல," என்றான்.

அந்தக் குழந்தை குனிந்து, இரண்டு கையாலும் என் பாதங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. நான் காலைப் பின்னுக்கு இழுக்கவில்லை. அதன் தலையில் கை வைத்து, நல்லா இரு என்றேன்.