லிஃப்ட்காரரின் கீழ்வீடு

மண்டியிட்டு உட்கார்ந்து, மீன்தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரிக்குள் தலையை நுழைத்து, ஈரத்துணியால் இலை துடைத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு இலையின் மேலும் உப்பு பொடிப்பொடியாகப் பூத்திருக்கிறது. துடைக்காமல் விட்டால் செடி வாடிவிடுமாம். நான் போய் உட்கார்ந்தால் முதலில் பார்க்கக் கிடைப்பது அவருடைய முதுகுதான். "உக்காருங்க சார், ரெண்டு இலைதான் பாக்கி" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அந்த இரண்டு இலை முடிந்து நான் பார்த்ததில்லை.

என் எதிர்வீட்டுக்காரர். லிஃப்ட் பழுதுபார்ப்பது தொழில். பகலெல்லாம் யார் யாருடைய கட்டடங்களிலோ இருட்டுக் குழிக்குள் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் இன்னொரு பொந்துக்குள் தலையை விடுகிறார். முழங்கால்கள் எப்போதோ மக்கர் செய்ய ஆரம்பித்துவிட்டன. எழுந்திருக்கும்போது அலமாரிக் கதவு, நாற்காலி, என் தோள் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் பிடித்துக்கொள்வார். டாக்டரிடம் காட்டச் சொன்னால் ஒரே பதில்தான்: "ஓடுதுல்ல சார், ஓடட்டும்." லிஃப்ட்களைப் பற்றியும் இதையேதான் சொல்வாரோ என்ற பயத்தில், அவர் வேலை பார்க்கும் கட்டடங்களில் நான் படியேறித்தான் போகிறேன்.

மேலே இருப்பது கடல்நீர்த் தொட்டி. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். வருகிறவர்கள் எல்லாம் அவற்றைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அவரோ நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். அவருக்கு எல்லாமே அலமாரிக்குள் இருக்கும் இரண்டாவது தொட்டிதான். மீன் வளர்ப்பவர்கள் அதை ரெஃப்யூஜியம் என்கிறார்கள். அவர் ‘கீழ்வீடு’ என்கிறார். மேல் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே இறங்கி, கீழ்வீட்டைச் சுற்றிவிட்டு, மோட்டார் வழியே திரும்ப மேலே ஏறும். கீழே, அடியில் சேறு. சேற்றில், உப்புத் தண்ணீரிலேயே வளரும் நான்கு அலையாத்திக் கன்றுகள். நடுவே விளக்கு வெளிச்சத்தில் பந்து பந்தாக நார்போல் சுருண்ட பச்சைக் கடற்பாசி. மீன் கழிவில் கொழுத்து வளரும் அந்தப் பாசியைப் பாதி பிய்த்து வெளியே போடுவார், பாதியை விட்டுவைப்பார். தண்ணீரின் அழுக்கு அந்தப் பாதியோடு போய்விடும். "எங்க ஆஸ்பத்திரியில இதுக்குப் பேரு டயாலிசிஸ். என்ன, அங்க இவ்வளவு கவனமா பண்ணமாட்டாங்க" என்பார் நர்ஸாக இருக்கும் அவர் மனைவி.

மீன்கள் அவர்களுடைய ஒரே மகள் ஆசைப்பட்டு வாங்கியவை. அவள் தன் கல்யாணத்தைத் தானே முடிவுசெய்துகொண்டாள். இவர் தடுக்கவில்லை, சத்தம் போடவில்லை. கல்யாணத்தன்று காலையில் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார், அவ்வளவுதான். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "கல்யாணம்னு வந்து சொன்னா சார். பண்ணிக்கட்டுமான்னு கேக்கல" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது நினைத்தாலும் வருகிறது.

அன்றிலிருந்து மகள் அவரோடு பேசுவதில்லை. ஞாயிறுதோறும் அம்மாவுக்குப் போன் செய்வாள். ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில், "மீனெல்லாம் எப்படிம்மா இருக்கு?" என்பாள். அந்த வீட்டில் அப்பாவின் கைபடும் ஒன்றைப் பற்றி அவள் கேட்பது அது மட்டும்தான். அந்த ஒற்றைக் கேள்விக்காக இந்த மனிதர் வாரம் முழுக்கப் பாசி பிய்த்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் அவருடைய அக்கா வந்து தங்கினார். சும்மா உட்கார்ந்தால் கைகால் குடைகிற ரகம். தம்பியும் தம்பி மனைவியும் வேலைக்குப் போனதும் வீடு முழுக்கத் தேய்த்துக் கழுவிவிட்டு, கடைசியில் அலமாரியைத் திறந்திருக்கிறார். "மேல பளிங்காட்டம் வச்சிருக்கான், கீழ பாத்தா சாக்கடை! பாத்திரம் தேய்க்கிற நாரையெல்லாம் ஊறப்போட்டு வச்சிருக்கான்ப்பா" என்று என்னிடமே வந்து குறைபட்டுக்கொண்டார். நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பாசி முழுவதும் குப்பை வண்டியில் போய்விட்டது. சேற்றைக் கிளறி வாரியதில் தண்ணீர் கலங்கி, மேல் தொட்டிவரை ஏறியிருந்தது. கன்றுகளின் மேல் மட்டும் இரக்கப்பட்டு, குழாய்த் தண்ணீர் பிடித்த வாளியில் வைத்திருந்தார். "பாவம், உப்புத் தண்ணியில தவிச்சுக்கிட்டு கெடந்துச்சு."

மாலையில் அவர் வந்தார். அலமாரியைத் திறந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "எப்படி இருக்கு பாத்தியாடா?" என்று அக்கா கேட்டார்.

"நல்லாயிருக்குக்கா."

அதற்குப் பிறகு கன்றுகளைத் திரும்பக் கீழ்வீட்டில் ஊன்றி, உப்புக் கரைத்துக் கரைத்து வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினார். அந்த முழங்கால்களை வைத்துக்கொண்டு எப்படிச் செய்தார் என்று தெரியவில்லை. அப்படியும் ஒரு மீன் செத்து மிதந்தது. அந்த ஞாயிறு மகள் கேட்டபோது, "நல்லா இருக்குடி" என்று சொல்லிச் சமாளித்துவிட்டார் அவர் மனைவி. லிஃப்ட்காரர் என்னிடம், "இன்னொண்ணும் போயிட்டா, அவ அப்புறம் என்னத்தைக் கேப்பா சார்?" என்றார். அவர் மேல் இருந்த கோபத்தைக்கூட அன்றைக்கு எடுத்துக்கொண்டு வர முடியவில்லை.

கடையில் ஒரு கிள்ளு பாசி வாங்கிப் போட்டிருக்கிறார். இப்போது எலுமிச்சம்பழம் அளவு தேறியிருக்கிறது. மிச்சமிருக்கும் ஒற்றை மீன் மூலையை விட்டு நகர்வதில்லை.

நேற்று ஞாயிறு. நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்ததும் அலமாரிக்குள்ளிருந்தே, "இன்னிக்குச் சொல்லிடு" என்றார் மனைவியிடம். "அவகிட்டப் பொய் சொல்லி என்னத்தை ஓட்டறது."

மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். நலம் விசாரிப்பு முடிந்து கேள்வியும் வந்தது. "ஒண்ணு போயிடுச்சுடி. அத்தை தெரியாம கீழ எல்லாத்தையும் கழுவிவிட்டுட்டாங்க. அப்பா எவ்வளவோ பாடுபட்டாரு. முடியல."

மகள் வைத்துவிட்டாளோ என்று மனைவி போனை எட்டிப் பார்த்தார். ஈரத்துணி இலைமேல் அப்படியே நின்றது. மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. கரண்ட் போனால்கூட பேட்டரி வைத்து அவர் நிற்காமல் ஓட்டுகிற மோட்டார்.

பிறகு மகள் ஏதோ கேட்டாள். தாழ்ந்த குரல். "அப்பா" என்று ஆரம்பித்தது எனக்கே கேட்டது. மிச்சத்தை மோட்டார் இரைச்சல் விழுங்கிவிட்டது.

அலமாரிக்குள்ளிருந்து ஒரு ஈரக் கை வெளியே வந்து, சுவரைத் தடவி, மோட்டார் சுவிட்சை அணைத்தது.