கரிம்பன் பிடித்த வெள்ளைச் சட்டை

புருஷன் தங்கப்பனின் வெள்ளைச் சட்டையை அலமாரியிலிருந்து எடுத்து உதறிய இருளாயி, அதை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். மார்பு முழுக்கக் கரிம்பன். மட்டாஞ்சேரி மழையில், ஈரம் முழுசாகப் போகாமல் மடித்து வைத்த துணியில் கடுகு சிதறினாற்போல் பூக்கும் கறுப்புப் புள்ளிகள். மறுநாள் மூன்று மணிக்கு நகரசபை அலுவலகத்தில் அவருக்கு வழியனுப்பு விழா. முப்பத்தொரு வருஷம் சாக்கடை ஓடை வாரிய மனுஷன் ஒருநாளாவது வெள்ளை உடுத்தி மேடையில் உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை.

"காக்கி இருக்கில்லே? அது மதி, அது போதும்," என்றார் தங்கப்பன்.

"மதியா? காக்கியப் பாத்தா நாற்காலியா குடுப்பாங்க, மம்பட்டியத்தான் குடுப்பாங்க."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் காக்கியோடு பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். கல்யாணமான புதிதில் வாளித் தண்ணீர் மூன்று தடவை கறுப்பாகவே இறங்கும். முதலில் பச்சைத் தண்ணீரில் சேற்றைக் கரைய விட வேண்டும். பிறகுதான் சலவைச் சோடாவான அலக்குகாரம் கரைத்த சுடுதண்ணீர். முறை மாறினால் நாற்றம் நூலிலேயே தங்கிவிடும். கிணற்றுத் தண்ணீரோ உப்பு. சோப்பு நுரைக்காது, வெள்ளை பழுத்துப் போகும். அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் குழாய்த் தண்ணீர். அதற்காகக் குடத்தோடு வரிசையில் நின்று, பக்கத்து வீட்டு ஷபானாவோடு சண்டை போட்டு, சண்டை முடிந்ததும் அவள் வீட்டிலேயே சாயா குடித்த காலைகள்! அந்தக் குழாயடி இப்போது இல்லை, நினைத்தால் இனிக்கிறது. மகள் விஜியின் யூனிஃபார்மைப் பார்த்து, "இது எந்தக் கடையில அலக்கினது?" என்று டீச்சர் கேட்டாளாம். அந்த வாரம் முழுக்க இருளாயி தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு திரிந்தாள்.

விஜி இப்போது தோஹாவில் நர்ஸ். தினமும் போனில் கூப்பிடுவாள். அன்றும் கூப்பிட்டாள்.

"அம்மே, வாஷிங் மெஷின் எதுக்கு வாங்கித் தந்தேன்? பூஜை பண்ணவா?"

"மெஷினுக்குக் கண்ணு உண்டாடி? புள்ளி எங்க இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"மழையில நின்னு பனி பிடிச்சு, காய்ச்சல்ல கிடந்தா ஆரு பாப்பாங்க?"

"நீ போனை வை."

எலுமிச்சைச் சாற்றில் பொடியுப்பைக் குழைத்து ஒவ்வொரு புள்ளியிலும் விரலால் தேய்த்தாள். பிரஷ் போட்டால் நூல் பொங்கிவிடும். ஊறவிட்டாள், அலசினாள், மறுபடி தேய்த்தாள். வெயில் அடித்திருந்தால் பாதி வேலையை அதுவே செய்திருக்கும். வானம் மூடிக் கிடந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் கடைசிப் புள்ளியும் மங்கியது.

சட்டை வெளுத்ததே தவிர உலரவில்லை. ஃபேனுக்கடியில் கட்டிப் பார்த்தாள். இஸ்திரி போட்டாள். காலரும் கையும் காய்ந்து, முதுகுப் பக்கம் திருப்பும்போது கரண்ட் போய்விட்டது. மணி இரண்டு.

"காக்கியே போடுங்க," என்றாள். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

தங்கப்பன் அந்த ஈரச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஐயோ, ஈரம்! பனி பிடிக்கும்!"

"ஓடைக்குள்ள நின்னவனுக்கா?" என்று பொத்தானைப் போட்டுக்கொண்டே வாசலில் இறங்கினார்.

மேடையில் நாற்காலி கிடைத்தது. பொன்னாடை போர்த்த வந்த சூப்பர்வைசர் ஹரிநாராயணன் அவர் முதுகைத் தட்டிவிட்டு, கையில் ஒட்டிய ஈரத்தைப் பார்த்து மைக்கிலேயே சிரித்தார். "எந்தா தங்கப்பன் சேட்டா, பயமோ? பேடிச்சு வேர்த்தோ?"

தங்கப்பன் மைக் பக்கம் குனிந்தார்.

"வேர்ப்பு இல்ல சாரே. இருளாயி சட்டை அலசின வெள்ளம்."

கூட்டம் சிரித்தது. மூன்றாம் வரிசையில் இருளாயிக்குச் சிரிப்புச் சத்தம் எட்டவில்லை. இத்தனை வருஷமும் அவருக்கு அவள் "ஏய்", அப்புறம் "விஜியம்மா". பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. இப்போது இத்தனை பேர் நடுவில், மைக்கில்.

"ஆரா இருளாயி?" என்று முன்வரிசையில் ஒருத்தர் திரும்பிக் கேட்டார்.

பக்கத்திலிருந்த ஷபானா முழங்கையால் இடித்தாள். இருளாயி முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள்.

"நாந்தான்."